அட்டைப் பெரியப்பாவும் எட்டாத தாழ்ப்பாளும்

அரையடி அக்காவுக்கு வயது நாற்பத்தாறு, உயரம் நான்கடி ஒன்பது அங்குலம். பென்சில் டப்பாவுக்குள் அடங்குகிற ஆறு அங்குல ஸ்கேல் இருக்கிறதல்லவா, அதையும் பார்த்து அவளையும் பார்த்த யாரோ ஒரு புண்ணியவான், அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சூட்டிய பெயர் அது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டால் மட்டும் வளர்ந்துவிடவா போகிறாள்?

பத்தொன்பது வருஷமாக ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் வரைபடம் வரைகிறாள். அங்கே வரைபடச் சுருள்களை அடுக்கும் தட்டு அவள் தலைக்கு ஒன்றரை அடி மேலே இருக்கிறது. அதனால் மேசையிலிருந்து தட்டுக்கும், தட்டிலிருந்து மேசைக்கும் ஒரு முக்காலியைக் காலாலேயே உதைத்துத் தள்ளிக்கொண்டு நடப்பாள். அந்தச் சத்தத்தை வைத்தே அக்கா எங்கே இருக்கிறாள் என்று அலுவலகம் தெரிந்துகொள்ளும். வீட்டில் நிலைமை இதைவிட மோசம். கணவர் பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பர். தென்னைமரம் மாதிரி உயரம். சர்க்கரை டப்பா அவர் கைக்கு எட்டும் மேல்தட்டில் இருக்கும். அவர் ஷிப்டு முடிந்து வந்தால்தான் அந்த வீட்டில் இனிப்பான தேநீர். கீழே எடுத்து வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். அக்கா வைத்துப் பார்த்தாள். அவர் மறுநாளே மேலே எடுத்து வைத்துவிட்டார், கீழே வைத்தால் அவருக்குக் குனிய வேண்டியிருக்கிறதாம்.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த அலுவலகத்தில் எந்த அலுவலகத்திலும் இல்லாத ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அலுவலகத்தைத் தொடங்கிய பெரிய முதலாளிக்கு அளவுப் புத்தகங்கள் என்றாலே ஆகாது. மேசை இத்தனை உயரம், படி இத்தனை உயரம் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்தால், "புத்தகத்துல இருக்கறவனா நம்ம வீட்டுக்குக் குடி வரப் போறான்?" என்று கேட்பார். ஒருநாள் தரையில் பெரிய அட்டையை விரித்து, அதன்மேல் மல்லாந்து படுத்து, பட்டறைத் தச்சரை விட்டுத் தன்னைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுக்கச் சொன்னார். தச்சர் கூச்சத்தோடு இழுத்தார். வெட்டி எடுத்தால் சரியாக ஆறடி. கையும் காலும் தோளில், முழங்காலில் ஆணி வைத்து மடங்கும். அன்றிலிருந்து அந்த அட்டையின் முழங்கை இருக்கும் இடம்தான் மேசை. கண் இருக்கும் இடம்தான் கண்ணாடி. கையை லேசாகத் தூக்கினால் விரல் தொடும் இடம்தான் கதவின் தாழ்ப்பாள். தச்சர் வரைபடத்தைப் பார்ப்பதே இல்லை. அட்டையைப் பக்கத்தில் நிறுத்தி வைத்து வேலையை முடித்துவிடுவார்.

பெரிய முதலாளி காலமான பிறகும் அட்டை தவறாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தது. ஸ்டோர் பார்த்த அவர் தம்பி மகன் "பெரியப்பா, பெரியப்பா" என்று அதைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில், அதற்கு அட்டைப் பெரியப்பா என்றே பெயர் நிலைத்தது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்க் கல்லூரி மாணவியர் விடுதிக்கு வரைபடம் போட்டது அரையடி அக்காதான். நூற்றுப் பன்னிரண்டு அறை. அவள் தனியாகப் போட்ட முதல் பெரிய வேலை. பெரியப்பாவின் விரல்நுனியில், ஆறடி ஒன்பது அங்குலத்தில், தாழ்ப்பாளை வரையும்போதே அவளுக்குச் சுருக்கென்றது. அப்போது உயிரோடிருந்த பெரிய முதலாளியிடம் போய், "ஐயா, இது பொண்ணுங்களுக்கு எட்டாதே" என்றாள். "எட்டலைன்னா முக்காலி போட்டுக்கட்டும். நீ போட்டுக்கலையா?" என்றார். அக்கா வாயை மூடிக்கொண்டு வந்து கோட்டைப் போட்டாள். அந்தக் கோடு பதினொரு வருஷமாக அவளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த விடுதி இருக்கும் தெருப் பக்கமே போகமாட்டாள். பேருந்து அந்தப் பக்கம் போனால் ஜன்னலுக்கு எதிர்ப்புறம் திரும்பிக்கொள்வாள்.

அதே கல்லூரி இந்த வருஷம், அதே நூற்றுப் பன்னிரண்டு அறையோடு இரண்டாவது விடுதி கட்டக் கடிதம் எழுதியது. மாணவியரின் தேவைகளைக் கருத்தில் கொண்டு படுக்கையறைகளை வடிவமைக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி. சின்ன முதலாளி, அதாவது பெரியவரின் மகன், அந்த வரியை மூன்று தடவை படித்தார்.

"தேவைன்னா என்னக்கா? கண்ணாடியா?"

"கண்ணாடியும்தான்."

"பெரிய கண்ணாடியாப் போட்டுடுவோம். வேலை முடிஞ்சுது."

"முடியலை சார். முதல்ல பெரியப்பாவை இறக்கணும். ஒரு பொண்ணோட அளவுல புது அட்டை வெட்டணும்."

பெற்ற தகப்பனை வீட்டைவிட்டு வெளியேற்றச் சொன்னது போல் சின்ன முதலாளியின் முகம் போயிற்று. ஆனால் நல்ல மனுஷர். காலத்துக்குத் தக்கபடி நடக்கிறவர் என்று பேர் வாங்க ஆசை வேறு. "சரி, சராசரியா ஒரு பொண்ணைப் பிடிங்க. படுக்க வெச்சு வெட்டிடலாம்" என்று சொல்லிவிட்டார்.

சராசரிப் பெண்ணைத் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? வேண்டாம், தேடாதீர்கள். சின்ன முதலாளி முதலில் தன் மனைவியிடம்தான் கேட்டார். "நீ நல்ல சராசரி, அதனால..." என்று ஆரம்பித்தவர் அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை. மறுநாள் அலுவலகத்துக்கு வந்து, அந்த வார்த்தை இனிமேல் இந்தக் கட்டடத்துக்குள் கேட்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். அன்று மத்தியானம் அவருக்குச் சாப்பாட்டுக் கூடை வரவில்லை. ஸ்டோர்க்காரனின் மனைவி சந்தோஷமாக வந்தாள். ஆனால் குதிகால் செருப்பைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்தாள். செருப்போடு படுத்து, செருப்போடு கோடு இழுத்து, கடைசியில் அட்டைக்கு ஆட்டுக்குளம்பு மாதிரி ஒரு கால் வந்தது. தேநீர் கொண்டுவரும் அம்மாவைக் கேட்டதற்கு, "நான் படுத்துட்டா டீ யார் போடுவா?" என்றார்.

வேறு வழியில்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு, பதினொரு வருஷமாகப் போகாத அந்த விடுதிக்கே போனாள். பழிவாங்கக் காத்திருப்பார்கள் என்றுதான் நினைத்துப் போனாள். பிள்ளைகள் என்னவோ தையற்காரம்மா வந்திருக்கிறாள் என்று நினைத்து வரிசையில் நின்றார்கள்.

ஒரே நாளில் எண்பத்திரண்டு பேரை அளந்தாள். அவர்களில் கடைக்குட்டி உயரம், நீட்டுப்பின்னல் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருத்தி. நான்கடி பத்து அங்குலம், அதில் பாதிக்குமேல் பின்னல். அக்காவை எட்டிப் பிடித்துவிட்டதாக நினைத்து அவளும், ஓர் அங்குலம் தன்னைவிடக் கூட இருக்கிறாளே என்று அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆன்ட்டி, கண்ணாடியில நாங்க எங்களைப் பார்த்ததே இல்லை" என்றாள் நீட்டுப்பின்னல்.

"பின்ன எப்படித் தலை வாருவீங்க?"

"கண்ணாடியில ஃபேன் தெரியும். அதைப் பார்த்துக்கிட்டே வாருவோம். வகிடு கோணினா, ஃபேன் நேரா இருக்கான்னு பார்ப்போம்."

அப்புறம் அணை உடைந்தது. உள்ளாடை காயப்போட ஒரு கொடி வேண்டும், ஆனால் எதிர்வீட்டு மாடிக்குத் தெரியக் கூடாது என்றாள் ஒருத்தி. மூடி போட்ட குப்பைத்தொட்டி, அறைக்குள்ளேயே, கால் வைத்தால் திறக்கிற மாதிரி. வயிற்றுவலி நாட்களில் வெந்நீர்ப் பைக்காகக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளக். பூட்டு வைத்த ஒரு இழுப்பறை. அழுவதற்குத் தனி மூலை ஒன்று வேண்டும் என்றாள் ஒருத்தி. அவளுடைய அறைத்தோழி, மூலை எதற்கு, ஒரு கதவு போட்டு அடைத்துவிடுங்கள், ஒலி வராமல் இருந்தால் இன்னும் நல்லது என்றாள். பூனைக்கு ஜன்னலில் ஒரு பலகை கேட்டவளை வார்டனம்மா பெயர் கேட்டு எழுதிக்கொண்டார். அக்கா எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றினாள். தாழ்ப்பாளைப் பற்றி அவளாகக் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

நீட்டுப்பின்னல்தான் சொன்னாள். "கதவு சாத்த முடியாது ஆன்ட்டி. எட்டாது. நாற்காலி போட்டு ஏறினா அது ஆடும், போன வருஷம் ஒருத்தி விழுந்து கையை உடைச்சுக்கிட்டா. அதனால கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டுத் தூங்குவோம்."

"தினமுமா?"

"துணி மாத்தவும்தான். ரெண்டு பேரும் சேர்ந்து இழுக்கணும். ஒருத்தி ஊருக்குப் போயிட்டா மத்தவளுக்குக் கஷ்டம்." இதைச் சொல்லும்போது அவள் வருத்தமாகக்கூட இல்லை, பேருந்து லேட்டு என்று சொல்வது மாதிரிதான் சொன்னாள். அதுதான் அக்காவைக் கொன்றது. "புது விடுதியிலயாவது எட்டற மாதிரி வைப்பீங்களா?" என்று அவள் கேட்டபோது, "வைக்கிறேன், என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, படி இறங்கும்போது அழுதாள். மூலை எதுவும் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்து புது அட்டை வெட்டினாள். சராசரி என்று ஒன்று இந்த வேலைக்கு உதவாது என்பது அதற்குள் அவளுக்குப் புரிந்திருந்தது. எட்ட வேண்டிய பொருள் எல்லாம் கடைக்குட்டிக்கு எட்ட வேண்டும். நீட்டிப் படுக்க வேண்டிய கட்டில் இருப்பதிலேயே நெட்டையானவளுக்குப் போத வேண்டும். ஆகவே அட்டைக்குக் கை நீட்டுப்பின்னலுடையது, கால் ஐந்தடி பத்து அங்குலக் கூடைப்பந்துக்காரியுடையது. பார்க்கச் சகிக்கவில்லை. ஷிப்டு முடிந்து இருட்டில் வந்த டைம்கீப்பர், சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்ற அதைப் பார்த்து, "வாங்க, எப்ப வந்தீங்க?" என்று விசாரித்துவிட்டார். அலுவலகத்தில் அதற்கு அட்டைச் சித்தி என்று பெயர் வைத்தார்கள்.

சித்தியும் வரைபடமும் மரப்பட்டறைக்குப் போயின. கட்டடம் எழும்புவதற்கு முன்னால், ஒரே ஓர் அறையை மரத்தால் முழு அளவில் செய்து காட்டுவது அந்த அலுவலகத்தின் வழக்கம். கல்லூரித் தாளாளர் வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டால், நூற்றுப் பன்னிரண்டு கதவுக்கும் அன்றைக்கே மரம் அறுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கப்புறம் ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது. மாதிரி அறை பட்டறையில் உருவான ஒரு வாரமும் அக்கா நகரசபை அலுவலகத்தில் முத்திரைக்காகப் பெஞ்சு தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வாரத்தில்தான் குடி கெட்டது.

தாளாளர் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. அக்கா ஒன்பது மணிக்குப் பட்டறைக்குள் நுழைந்து நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். கதவு ஒன்பதடி உயரம். கட்டில் எட்டடி நீளம், அதில் ஏறப் படி வேண்டும். மேசை அவள் கழுத்துக்கு வந்தது. அவள் அந்த அறைக்குள் நின்றபோது, யாரோ கழுவி வைத்த டம்ளருக்குள் விழுந்த எறும்பு மாதிரி இருந்தாள். சித்தி மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன அண்ணே இது?" என்றாள்.

தச்சர் அறுபதைத் தாண்டியவர், மூன்று பெண்களைப் பெற்றவர். முகமெல்லாம் பூரிப்பு. "நல்லா வந்திருக்கில்ல தங்கச்சி? சின்ன முதலாளி சொன்னபடி."

சின்ன முதலாளி முன்னால் வந்தார். அவர் முகத்திலும் அதே பூரிப்பு. "அக்கா, நீங்க போட்டிருந்த அளவைப் பார்த்தேன். ஆம்பளைப் பசங்களுக்கு ஆறடி ஒன்பது அங்குலத்துல தாழ்ப்பாள், பொண்ணுங்களுக்கு மட்டும் நாலடியிலயா? மேசை கம்மி, தட்டு கம்மி, எல்லாமே கம்மி. நாளைக்கு ஓரவஞ்சனை பண்ணிட்டாங்கன்னு பேச மாட்டாங்க? அதான், சித்தியெல்லாம் வேண்டாம், பெரியப்பா அளவை எடுத்து, அதுக்கு மேல ஒவ்வொண்ணுலயும் கால் பங்கு கூட்டுங்கன்னு சொன்னேன். பசங்களைவிடப் பொண்ணுங்களுக்கு அதிகம். இதுக்கு மேல என்ன மரியாதை வேணும்?"

அந்த மனுஷரிடம் என்னத்தைச் சொல்வது? அத்தனை நல்லெண்ணம். தச்சர் வேறு, "பிள்ளைங்களுக்குச் செய்யறோமேன்னு மூணு கோட்டு வார்னிஷ் அடிச்சிருக்கேன்" என்றார். வாக்குக் கொடுத்தாயிற்று, ஒரு மணி நேரத்தில் இந்தப் பூதத்தைத் தாளாளர் பார்த்துத் தலையை ஆட்டினால் நூற்றுப் பன்னிரண்டு அறையிலும் எட்டடி ஐந்து அங்குலத்தில் தாழ்ப்பாள். இனி அந்தப் பிள்ளைகள் முக்காலி போட முடியாது, ஏணி போட வேண்டும். "சார், இது தப்பு, அவர்கிட்ட இதைக் காட்டக் கூடாது" என்று அவள் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது. பத்து மணியாக இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. சீக்கிரம் வந்து அடுத்தவரைத் திணற வைப்பது தாளாளரின் பழக்கம்.

தாளாளர் ஆறடி அரை அங்குலம் இருப்பார். வெள்ளைச் சட்டையில் கஞ்சி போட்டு, நின்றால் மடிப்பு, உட்கார்ந்தால் மடிப்பு என்று கலையாமல் வாழ்கிறவர். தன்னைவிடப் பெரிய கதவு எதையும் அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. உள்ளே நுழைந்ததும் அதை அண்ணாந்து பார்த்தார்.

கண்ணாடி முன்னால் போய் நின்றார். கண்ணாடியில் பட்டறைக் கூரை தெரிந்தது. எம்பினார். நெற்றி வந்து போயிற்று. பின்னால் யாரும் பார்க்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு மறுபடி எம்பினார். எல்லோரும் பார்த்தார்கள். பிறகு நாற்காலியில் ஒரு கையை ஊன்றி ஏறி உட்கார்ந்தார். கால் தரையில் படவில்லை. அந்தரத்தில் இரண்டு பளபளப்பான ஷூக்கள் ஆடிக்கொண்டிருந்தன. எதிரே மேசை மார்புக்கு வந்ததில், பந்தியில் பெரியவர்களோடு உட்கார்த்திய குழந்தை மாதிரி இருந்தார்.

"கொஞ்சம்... தாராளமா இருக்கு" என்றார்.

"உங்க ஆசீர்வாதம்" என்றார் சின்ன முதலாளி.

அவர் இறங்க முயன்றபோதுதான் மூன்று கோட்டு வார்னிஷ் தன் வேலையைக் காட்டியது. முதுகு வர மறுத்தது. தச்சரும் ஸ்டோர்க்காரனும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து இழுத்தார்கள். சரக்கென்று வந்தார், வெள்ளைச் சட்டையின் முதுகில் நாற்காலிச் சட்டங்கள் நாலும் பழுப்பு நிறத்தில் பதிந்திருந்தன. தாளாளர் சத்தம் போடவில்லை. காரில் எப்போதும் ஒரு மாற்றுச் சட்டை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறவர் அவர். டிரைவரைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, எல்லோரையும் வெளியே போகச் சொல்லி, அந்த அறைக் கதவையே சாத்திக்கொண்டார்.

சாத்திக்கொண்டார் என்று சொல்வது தப்பு. சாத்தப் பார்த்தார். ஒன்பதடிக் கதவு, தாழ்ப்பாள் போடாவிட்டால் தன் கனத்துக்குத் தானே மெல்லத் திறக்கும். வெளியே நின்றவர்களுக்கு உள்ளே தொப்பு தொப்பென்று யாரோ குதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்துகொண்டது. தாளாளர் பனியனோடு நின்றார். சாத்தினார். டிரைவர் சட்டையோடு வந்து திறந்தார். சாத்தினார். "சார், ஏதாவது உதவி வேணுமா?" என்று சின்ன முதலாளி திறந்தார். சாத்தினார். கடைசியில் தேநீர் அம்மா தட்டோடு வந்து, நேரே உள்ளே போய், பனியனைப் பார்த்து, தட்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, "ஆறிடும், குடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

பிறகு, மரத்தரையில் ஏதோ கனமாக உராயும் சத்தம் கேட்டது. கிறீச். நின்றது. மூச்சு வாங்கும் சத்தம். மறுபடி கிறீச்.

"என்ன பண்றார்?" என்றார் சின்ன முதலாளி.

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஆறடி அரை அங்குலத் தாளாளர், காரும் டிரைவரும் வைத்திருக்கிற மனுஷர், சட்டை மாற்றக் கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அவள் பென்சிலை எடுத்து உள்ளங்கையிலேயே கணக்குப் போட்டாள். நீட்டுப்பின்னலின் நான்கடி பத்து அங்குலத்தோடு, அறையில் கூட்டிய அதே கால் பங்கைக் கூட்டினால் ஆறடி அரை அங்குலம், தாளாளரின் உயரம். அப்படியே பிசகாமல் வந்தது.

தாளாளர் வெளியே வந்தார். புதுச் சட்டையின் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. வியர்வை. "இதென்ன அறை? ஒரு மனுஷன் கதவைச் சாத்திக்க முடியலை" என்றார்.

அக்கா முன்னால் போனாள். "சார், இது தப்பா செஞ்ச அறைதான். ஆனா உங்க உயரத்துக்கு இது எப்படி இருக்கோ, அப்படித்தான் சார் இருக்கு உங்க பழைய விடுதி, அங்க இருக்கிற குள்ளமான பொண்ணுக்கு. ஒரு அங்குலம் முன்னப் பின்ன இல்லை. கண்ணாடியில கூரைதான் தெரியும். தாழ்ப்பாள் எட்டாது. நீங்க இப்ப கட்டிலை இழுத்தீங்களே, அங்க தினமும் இழுக்கறாங்க."

தாளாளர் சின்ன முதலாளியைப் பார்த்தார். சின்ன முதலாளி தச்சரைப் பார்த்தார். தச்சர் தரையைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"பதினொரு வருஷமா."

"யாரும் என்கிட்ட சொல்லலையே. யார் போட்ட அளவு அது?"

"நான்தான் சார் வரைஞ்சேன். தெரிஞ்சேதான் வரைஞ்சேன். ஒரு தடவை கேட்டேன், முக்காலி போட்டுக்கட்டும்னாங்க, பேசாம வந்துட்டேன்." இதைச் சொன்னதும் வேலை போய்விடும் என்றுதான் அவள் நினைத்தாள். போனால் போகட்டும் என்றும் நினைத்தாள்.

தாளாளர் தப்பாகப் போட்ட பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டார். மூலையில் சுவரைப் பார்த்து நின்ற அட்டைச் சித்தியைத் திருப்பிப் பார்த்து, லேசாகப் பின்வாங்கி, "இது யாரு?" என்றார். சொன்னார்கள். "புது விடுதி இவங்க அளவுலயே இருக்கட்டும்" என்றார். "அது அப்புறம். பழைய விடுதியில தாழ்ப்பாளை இறக்குங்க. இன்னைக்கே ஆரம்பிங்க."

சின்ன முதலாளிக்கு மட்டும் கடைசிவரை ஒரு குறை. "அதிகமாக் கொடுத்தாலும் தப்பு, கம்மியாக் கொடுத்தாலும் தப்பு. பின்ன என்னதான்க்கா கொடுக்கறது?" என்று கேட்டுக்கொண்டே எட்டடிக் கட்டிலில் உட்கார்ந்து ஆறிப்போன தேநீரைக் குடித்தார்.

சாயங்காலம் நாலரை மணிக்கு அக்காவும் தச்சரும் பழைய விடுதிக்குப் போனார்கள். அந்த நூற்றுப் பன்னிரண்டு தாழ்ப்பாளையும் தன் கையால் முடுக்கியவர் அவர்தான். முதல் அறை நீட்டுப்பின்னலுடையது. கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே தரையில், வில் மாதிரி வளைந்து வளைந்து பள்ளமாகவே விழுந்திருந்த கீறலைத் தச்சர் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். "மூணு பொண்ணைப் பெத்தவன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் மேலே இருந்ததைக் கழற்றி, நான்கடி உயரத்தில் வைத்து, திருகுகளை அழுத்தி முடுக்கினார். நீட்டுப்பின்னல் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். "ஒரு நிமிஷம் வெளிய நிக்கறீங்களா?" என்றாள். நின்றார்கள். கதவு மூடிக்கொண்டது. உள்ளே டக்கென்றது.

ஒரு நிமிஷம் ஆயிற்று. மூன்று நிமிஷம் ஆயிற்று. தச்சர் சட்டைப்பையைத் தடவினார். திருப்புளி உள்ளே, துளைபோடும் மெஷின் உள்ளே, மூக்குக்கண்ணாடியும் உள்ளே. கதவைத் தட்டினார்.

"யாரு?" என்றது உள்ளே இருந்து குரல்.

தட்டிய கை அப்படியே நின்றது. அளவெடுக்க வந்த அன்று அக்கா அந்த விடுதியில் எத்தனையோ கதவைத் தட்டியிருந்தாள். விரல் பட்டதுமே ஒவ்வொன்றும் தானாகத் திறந்துகொண்டது. யாரு என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமே இருந்ததில்லை.

"நான்தாம்மா, தச்சர். என் திருப்புளி உள்ள இருக்கு."

"தலை வாரிக்கிட்டு இருக்கேன், அங்கிள். அப்புறம் வாங்க."

தச்சர் அக்காவைப் பார்த்தார். "இன்னும் நூத்துப் பதினொரு ரூம் இருக்கு, தங்கச்சி."

அக்கா வராந்தாவில் சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். "இருக்கட்டும் அண்ணே" என்றாள். "அவளுக்கு எப்பத் தோணுதோ அப்பத் திறக்கட்டும்."